லுன்யூவை எந்தப் பக்கத்தில் பிரிப்பது? கன்பூசியஸ் வாசிக்க வருபவர்களுக்கு

ஒரே கேள்வியைக் கன்பூசியஸிடம் இரண்டு மாணவர்கள் கேட்கிறார்கள். நல்லதொன்றைக் கேள்விப்பட்டால் உடனே செய்துவிடலாமா? ஸிலூ கேட்டபோது, "அப்பாவும் அண்ணன்மாரும் இருக்கிறார்களே, அவர்களைக் கேட்காமல் எப்படி?" என்கிறார் ஆசிரியர். ரான் யோ கேட்டபோது, "உடனே செய்" என்கிறார். இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்த மூன்றாவது மாணவர் குழம்பிப்போகிறார். அவருக்கு ஆசிரியர் சொன்ன விளக்கம்: "ரான் யோ பின்வாங்குகிற ஆள், அதனால் முன்னே தள்ளினேன். ஸிலூவுக்கு இரண்டு ஆள் வேகம், அதனால் பிடித்து நிறுத்தினேன்."

இது லுன்யூ (ஆங்கிலத்தில் 'அனலெக்ட்ஸ்') என்ற நூலின் 11ஆம் இயலில் வருகிறது. இந்த இரண்டு பதில்களில் ஏதாவது ஒன்றை மட்டும் வெட்டி, பின்னால் ஒரு மலைப்படம் வைத்து வாட்ஸாப்பில் அனுப்பினால் அது 'கன்பூசியஸ் பொன்மொழி' ஆகிவிடும். இன்னொன்றை இன்னொருவர் அனுப்பலாம். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, இரண்டு பேருமே நூலைப் படிக்கவும் இல்லை. சீனத் தத்துவத்துக்குள் புதிதாக வருகிறவர்கள் முதலில் இடறி விழும் இடம் இது. நானும் அங்கேதான் விழுந்தேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு பொன்மொழித் தொகுப்பை ஒரு வருடம் கன்பூசியஸ் என்று நம்பிப் படித்திருக்கிறேன்.

முதலில் ஒரு சல்லடை

கன்பூசியஸ் (பொ.மு. 551–479) இன்றைய ஷாண்டோங் மாகாணத்துச் சூஃபூவில், அன்றைய லூ நாட்டில் வாழ்ந்தவர். லுன்யூவை அவர் எழுதவில்லை. அவர் பேசியதாகவும் அவருடைய மாணவர்கள் பேசியதாகவும் பிற்காலத்தார் தொகுத்த 20 இயல்கள், ஏறக்குறைய 500 சிறு பகுதிகள். அவ்வளவுதான் நூல். ஒவ்வொரு பகுதிக்கும் எண் உண்டு: 11.22 என்றால் 11ஆம் இயல், 22ஆம் பகுதி. பதிப்புக்குப் பதிப்பு ஒன்றிரண்டு எண் முன்பின் இருக்கும், பதற வேண்டாம்.

யாராவது கன்பூசியஸ் மேற்கோள் காட்டினால் எண் கேளுங்கள். 'பிடித்த வேலையைத் தேர்ந்தெடு, வாழ்நாளில் ஒருநாளும் வேலை செய்ய வேண்டியிருக்காது' என்பதற்கு எண் கிடையாது, அது லுன்யூவில் இல்லை. 'ஆயிரம் மைல் பயணமும் ஓரடியில்' என்பது லாவோஸி பெயரிலுள்ள நூலின் 64ஆம் அத்தியாயம். எண் கேட்கும் பழக்கம் ஒன்றே பாதிக் குப்பையை வாசலிலேயே நிறுத்திவிடும்.

இரண்டு மொழிபெயர்ப்புகள், குறைந்தபட்சம்

நமக்கெல்லாம் ஆங்கிலம் வழிதான் எளிதில் திறக்கும் கதவு. ஜேம்ஸ் லெக் 1861இல் ஹாங்காங்கிலிருந்து வெளியிட்ட மொழிபெயர்ப்பு இணையத்தில் 'சைனீஸ் டெக்ஸ்ட் ப்ராஜெக்ட்' தளத்தில் சீன மூலத்தோடு வரிக்கு வரி இலவசமாகக் கிடைக்கிறது. லெக் கிறித்துவ மிஷனரி. அந்த வாசனை ஆங்காங்கே அடிக்கும், ஆனால் உழைப்பு அபாரமானது. டி.சி. லாவின் 1979 பதிப்பு சுத்தமான, இறுக்கமான ஆங்கிலம். இந்தியானா பல்கலைக்கழகத்தில் கற்பித்த ராபர்ட் ஈனோ குறிப்புகளோடு ஒரு மொழிபெயர்ப்பை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறார். காசு செலவழிப்பதாக இருந்தால் எட்வர்ட் ஸ்லிங்கர்லாந்தின் 2003 பதிப்பை வாங்குங்கள். ஒவ்வொரு பகுதிக்குக் கீழும் பழைய சீன உரையாசிரியர்கள் என்ன சொன்னார்கள் என்று கொடுத்திருக்கிறார். பரிமேலழகரையும் மணக்குடவரையும் பக்கத்தில் வைத்துக் குறள் படித்தவர்களுக்கு அந்த ஏற்பாடு பழகிய ஒன்று.

எந்த இரண்டு வேண்டுமானாலும் சரி, இரண்டு வேண்டும். அவை ஒத்துப்போகாத இடத்தில்தான் மூலத்தில் ஏதோ இருக்கிறது.

எழுத்துக்கூட்டல் ஒரு தனித் தொல்லை. சீனச் சொற்களை ஆங்கில எழுத்தில் பழைய நூல்கள் ஒரு முறையிலும் இன்றைய நூல்கள் பின்யின் என்ற முறையிலும் எழுதும். லுன்யூவின் மையச் சொல்லான ரென்னைப் பழைய நூல்களில் ஜே, இ, என் என்று எழுதியிருப்பார்கள். அதை 'ஜென்' என்று வாசித்து, பௌத்த ஜென்னைப் பற்றிக் கன்பூசியஸ் இவ்வளவு பேசியிருக்கிறாரா என்று நான் வியந்த நாட்கள் உண்டு. இன்னொரு பொறி 'லி'. முறைமையைக் குறிக்கும் லி, பிற்காலத் தத்துவத்தில் 'ஒழுங்குத் தத்துவம்' என்ற பொருளில் வரும் லி, ஆதாயம் என்ற பொருளுள்ள லி எல்லாம் நம் எழுத்தில் ஒன்றுபோல் தெரியும். சீனத்தில் மூன்றும் வெவ்வேறு எழுத்துகள். கன்பூசியஸுக்குப் பின் வந்த கன்பூசியரான மென்சியஸின் நூல் தொடக்கத்தில் மன்னனிடம் 'லி பற்றி ஏன் பேசுகிறீர்கள்?' என்று அவர் கடிந்துகொள்வது ஆதாயம் என்ற லியைப் பற்றி.

ஒரு சொல் நோட்டு

பாதிப் பக்கம் போதும். ரென், லி, யி, சியாவ், ஜுன்ஸி, தியென் (மிகத் தோராயமாக: மனிதத் தன்மை, முறைமை, தகவு, பெற்றோர் பக்தி, சான்றோன், வானம்). இவற்றை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதி, எதிர்ப்படும் இடங்களின் எண்களை மட்டும் குறித்துக்கொண்டே போங்கள். 'ரென் என்றால் என்ன?' என்று 12ஆம் இயலில் மட்டும் யான் ஹுய், சோங்கோங், சிமா நியூ, ஃபான் ச்சி என்று நான்கு பேர் கேட்கிறார்கள். நான்கு பதில்கள். ஃபான் ச்சிக்குக் கிடைத்தது 'மனிதரை நேசிப்பது'. யான் ஹுய்க்குக் கிடைத்தது 'தன்னை அடக்கி லிக்குத் திரும்புவது'. அன்பு என்று தமிழில் எழுதிவிட்டால் இரண்டாவது பதில் நோட்டில் இடமில்லாமல் தவிக்கும்.

லியிடம் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் இங்கே தமிழ் நமக்கு ஒரு கெடுதலும் ஒரு நன்மையும் செய்கிறது. லியைச் 'சடங்கு' என்று எழுதுவது வழக்கம். ஆனால் நம் காதில் சடங்கு என்றாலே பாதி ஏளனம்: 'சும்மா சடங்குக்கு வந்துட்டுப் போனான்.' கன்பூசியஸுக்கு லி அப்படிப்பட்டதல்ல. பலி ஆடு முதல் தொப்பித் துணி வரை, அரசவையில் எங்கே வணங்குவது என்பது முதல் துக்கத்தில் எவ்வளவு அழுவது என்பது வரை எல்லாம் அதில் அடங்கும். இதற்கு 'முறை' என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். "நீங்க எனக்கு என்ன முறை வேணும்?" என்பதிலுள்ள உறவு, கல்யாண வீட்டுச் செய்முறையிலுள்ள கடமை, 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்' என்பதிலுள்ள நீதி ஆகிய மூன்றும் ஒரே சொல்லில். ஆங்கிலத்துக்கு இந்த வசதி இல்லை. முழுக்கப் பொருந்தும் என்று சொல்லமாட்டேன், ஆனால் நான் பார்த்த ஆங்கிலச் சொற்கள் எதையும்விட நெருங்கி நிற்கிறது.

அந்த முறையை மாற்றலாமா? 9.3இல் அவரே சொல்கிறார்: தொப்பி நாரிழைத் துணியில் இருக்க வேண்டும் என்பது லி, இப்போது பட்டில் செய்கிறார்கள், அது சிக்கனம், நானும் ஊரோடு போகிறேன். மண்டபத்தில் ஏறுவதற்கு முன் கீழே நின்று வணங்குவது லி, இப்போது மேலே ஏறிய பின் வணங்குகிறார்கள், அது திமிர், ஊர் என்ன செய்தாலும் நான் கீழேதான் வணங்குவேன். 1972இல் ஹெர்பர்ட் ஃபிங்கரெட் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் மெலிந்த ஒரு நூலில் கைகுலுக்குவதை உதாரணமாக எடுத்தார். நான் கை நீட்டுகிறேன், நீங்களும் நீட்டுகிறீர்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, கட்டளையிடவில்லை, ஆனாலும் நடந்துவிடுகிறது. அதுதான் லியின் மாயம் என்றார். சடங்குவாதி என்று ஒதுக்கப்பட்டிருந்த கன்பூசியஸை மேற்கத்தியத் தத்துவத் துறைகள் மறுபடி எடுத்துப் படித்ததில் அந்தச் சிறு நூலுக்குப் பெரிய பங்குண்டு.

ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு போங்கள்

1.1இல் தொடங்கி 20ஆம் இயல் வரை நேராகப் படிக்காதீர்கள். மூன்றாம் இயலுக்குள் களைத்துவிடுவீர்கள். ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்து அவர் வரும் இடங்களை மட்டும் படியுங்கள். என் சிபாரிசு ஸிலூ. ஆசிரியரைவிட ஒன்பது வயதே இளையவர், முரடர், ஆசிரியரிடமே முகம் சுளிக்கத் தெரிந்தவர். பேர் கெட்ட நான்ஸி சீமாட்டியைக் கன்பூசியஸ் போய்ச் சந்தித்தபோது (6.28) ஸிலூ கோபப்பட, ஆசிரியர் 'நான் தவறு செய்திருந்தால் வானம் என்னைக் கைவிடட்டும்' என்று சத்தியம் செய்யும் நிலைக்கு வருகிறார். பொ.மு. 480இல் வெய் நாட்டுக் கலவரத்தில் ஸிலூ இறந்த கதை வேறொரு வரலாற்று நூலில் இருக்கிறது. அடிபட்டுத் தொப்பிக் கயிறு அறுந்தபோது, ஜுன்ஸி தொப்பி கழன்றபடி சாகமாட்டான் என்று கயிற்றை முடிந்துகொண்டே செத்தாராம். லி பற்றி இருபது கட்டுரை படித்த பிறகும் எனக்கு அந்தக் கயிறுதான் ஞாபகத்தில் நிற்கிறது.

பிறகு ஒரு பகுதியைத் தோண்டுங்கள்: அப்பா திருடிய ஆடு

அகலம் போதும். ஒரே ஒரு பகுதியை எடுத்து, அது இன்றைய அறவியல் விவாதம் வரை எப்படி வந்து சேர்கிறது என்று பின்தொடருங்கள். 13.18 இதற்கென்றே அமைந்தது.

ஷெ நகரத்து அதிபர் பெருமையாகச் சொல்கிறார்: "எங்கள் ஊரில் நேர்மையான கோங் என்று ஒருவன் இருக்கிறான். அப்பா ஆடு திருடியதற்கு மகனே சாட்சி சொன்னான்." கன்பூசியஸ் பதில் சொல்கிறார்: "எங்கள் ஊரில் நேர்மை வேறு மாதிரி. மகனுக்காக அப்பா மறைப்பார், அப்பாவுக்காக மகன் மறைப்பான். நேர்மை அதற்குள் இருக்கிறது."

மகனையே தேர்க்காலில் இட்ட சோழன் கதையைச் சிறு வயதில் கேட்டு வளர்ந்த நமக்கு, கை தானாக அதிபர் பக்கம் உயரும். உயரட்டும். அந்த உதறலைக் குறித்துவைத்துக்கொண்டு மேலே போங்கள்.

முதலில் சொற்கள். 'மறைப்பது' என்று எல்லோரும் மொழிபெயர்க்கும் யின் என்ற சொல் ஒளித்துவைப்பதா, வாய் திறக்காமல் இருப்பதா? இரண்டுக்கும் தூரம் அதிகம். அடுத்து, 'இதுவே நேர்மை' என்று அவர் சொல்லவில்லை, 'அதற்குள் இருக்கிறது' என்கிறார்.

பிறகு அதே கதையின் மற்ற வடிவங்கள். கடுமையான சட்டத்தை வலியுறுத்திய சிந்தனையாளர் ஹான் ஃபெய்ஸி சொல்லும் வடிவத்தில், சாட்சி சொன்ன மகனை அதிகாரி கொன்றுவிடுகிறான்: அரசனுக்கு நல்லவன், அப்பனுக்குத் துரோகி என்று. அரசனின் நன்மையும் குடும்பத்தின் நன்மையும் ஒரே வண்டியில் ஏறாது என்று காட்டவே அவர் கதையைச் சொல்கிறார். லூஷி சுன்ச்சியூ என்ற தொகுப்பில் மகன் காட்டிக்கொடுத்துவிட்டு, அப்பாவுக்குப் பதில் என்னைக் கொல்லுங்கள் என்கிறான், பிறகு 'இவ்வளவு நேர்மையும் பாசமும் உள்ள என்னையே கொன்றால் நாட்டில் யார் மிஞ்சுவார்?' என்று தப்பிக்கிறான். அங்கே கன்பூசியஸ் அலுத்துக்கொள்கிறார்: ஒரே அப்பாவை வைத்து இரண்டு முறை பேர் வாங்கிவிட்டானே!

அடுத்து மென்சியஸ் 7A35 (7ஆம் இயலின் முதல் பாதியில் 35ஆம் பகுதி). பழங்கதைகள் போற்றும் பேரரசர் ஷுன்னின் தந்தை ஒரு கொலை செய்துவிட்டால் நீதிபதி என்ன செய்ய வேண்டும் என்று மாணவர் கேட்கிறார். 'பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.' ஷுன் தடுக்கமாட்டாரா? 'எப்படித் தடுக்க முடியும்?' அப்படியானால் ஷுன் என்ன செய்வார்? பேரரசைத் தேய்ந்த செருப்பைப் போல் எறிந்துவிட்டு, தந்தையை ரகசியமாக முதுகில் சுமந்துகொண்டு கடலோரத்துக்கு ஓடி, அங்கே சந்தோஷமாக வாழ்ந்து ராஜ்யத்தையே மறந்துபோவார். பதவியை வைத்துக்கொண்டு அப்பாவைக் காப்பாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். நான் படித்த வரையில் இந்தப் பகுதிக்கு ஈடான அறவியல் கற்பனை குறைவு.

இனி சட்டம். பொ.மு. 66இல் ஹான் பேரரசர் சுவான் நெருங்கிய உறவினரைக் காத்து மறைத்தவர்களுக்குத் தண்டனையில் விலக்கு அளித்தார். தாங் வம்சச் சட்டத்திலும் இது தொடர்ந்தது. 2012இல் சீனக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டபோது, கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகளைச் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கு இழுத்துவர முடியாது என்று சேர்த்தார்கள்.

அதற்குப் பத்தாண்டு முன்பு, 2002இல், லியூ ச்சிங்பிங் என்ற பேராசிரியர் ஒரு கட்டுரையில் வெடி வைத்தார்: குடும்பத்தை எல்லாவற்றுக்கும் மேல் வைக்கும் கன்பூசியமே ஊழலின் ஊற்று. ஷுன் தன் கெட்ட தம்பிக்கு ஒரு சிற்றரசையே கொடுத்த கதையையும் சாட்சிக்கு அழைத்தார். வூஹானிலிருந்து குவோ ச்சியோங் தலைமையில் மறுப்புகள் பறந்தன. விவாதம் பல ஆண்டு நீண்டு, தடித்த தொகுதிகளாகி, ஆங்கில ஆய்விதழ்களுக்கும் போனது. அங்கே பிளேட்டோவின் யூதிஃப்ரோ என்ற உரையாடலை இழுத்தார்கள், அதிலும் ஒரு மகன் அப்பா மேல் வழக்குப் போடுகிறான். என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: லியூவின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஆடு திருடிய ஏழை வீட்டையும் டெண்டர் ஒதுக்கும் அமைச்சர் வீட்டையும் அவர் ஒரே தராசில் வைக்கிறார். செருப்பைக் கழற்றி எறிந்த ஷுன்னை அவர் போதிய அளவு பொருட்படுத்தவில்லை. தம்பிக்கு நாடு கொடுத்த ஷுன்னுக்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த ஒரு பகுதிக்கு இரண்டு வாரம் ஒதுக்கலாம்.

மூங்கில் பட்டைகள்

ஆய்வுலகில் இன்று பேசப்படுவதில் பாதி, மண்ணுக்கடியிலிருந்து வந்தது. 1973இல் ஹெபெய் மாகாணம் டிங்சோவில், பொ.மு. 55இல் இறந்த ஒரு சிற்றரசரின் கல்லறையில் லுன்யூ எழுதப்பட்ட மூங்கில் பட்டைகள் கிடைத்தன. பழங்காலத்துத் திருடர்கள் வைத்த தீயில் கரிந்தவை. படியெடுத்துக்கொண்டிருந்தபோது 1976 தாங்ஷான் நிலநடுக்கத்தில் பெட்டி கவிழ்ந்து மேலும் சிதைந்தன. 1993இல் ஹூபெய் மாகாணம் குவோதியனில் ஏறக்குறைய 800 பட்டைகள் வந்தன, காலம் பொ.மு. 300ஐ ஒட்டியது. 'தாவோ (வழி) உணர்ச்சியில் தொடங்குகிறது' என்ற வரி அதில் ஒரு கன்பூசிய ஏட்டில் இருக்கிறது. உணர்ச்சியை ஒதுக்கும் வறண்ட பண்டிதர்கள் என்ற படத்தை அது ஒரே அடியில் கலைத்தது.

எனக்குப் பிடித்த கல்லறை நான்சாங் அருகிலுள்ளது. பொ.மு. 74இல் வெறும் 27 நாள் பேரரசராக இருந்து, துக்க காலத்தில் முறைகெட்டு நடந்தார் என்ற குற்றச்சாட்டோடு இறக்கப்பட்ட லியூ ஹெ அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார். கூடவே லுன்யூ பட்டைகளும், கன்பூசியஸ் உருவம் வரைந்த ஒரு கண்ணாடிச் சட்டமும். ஹான் காலத்தில் மூன்று லுன்யூக்கள் இருந்தன என்றும் அவற்றில் ச்சி நாட்டு வடிவத்தில் இரண்டு இயல் அதிகம் என்றும் ஏட்டில் படித்திருந்தோம். அந்தத் தொலைந்த இயல்களில் ஒன்றின் தலைப்பு அவர் கல்லறையிலிருந்து எழுந்துவந்தது.

இதெல்லாம் புதியவருக்கு எதற்கு? லுன்யூ எவ்வளவு பழையது என்ற சண்டையைப் புரிந்துகொள்ள. புரூக்ஸ் தம்பதி 1998இல், 4ஆம் இயலை மையமாக வைத்து இரண்டு நூற்றாண்டு அடுக்கடுக்காக வளர்ந்தது என்றார்கள். மைக்கேல் ஹன்டர் 2017இல், நூலாகத் தொகுத்ததே ஹான் காலத்தில்தான் என்று வாதிட்டார். நீங்கள் கட்சி சேர வேண்டாம். 'கன்பூசியஸ் சொன்னார்' என்று எழுதும் இடத்தில் 'லுன்யூவின் கன்பூசியஸ்' என்று மனதுக்குள் திருத்திக்கொண்டால் போதும். ஒன்று மட்டும்: ஷாங்காய் அருங்காட்சியகம் 1994இல் ஹாங்காங் சந்தையில் வாங்கியது போன்ற திருட்டு ஏடுகளைப் படிக்கலாமா என்பதே ஒரு அறவியல் கேள்வி. பால் கோல்டின் போன்றவர்கள் அதைக் கூச்சமில்லாமல் கேட்கிறார்கள்.

எதிராளிகளையும் கூப்பிடுங்கள்

கன்பூசியஸை மட்டும் படிப்பது வழக்கில் ஒரு தரப்பை மட்டும் கேட்பது போல. கன்பூசியர்களை எதிர்த்த மோஸியின் 16ஆம், 25ஆம் அத்தியாயங்களைப் படியுங்கள்: முதலாவதில் எல்லோரிடமும் சம அக்கறை, இரண்டாவதில் ஆடம்பர ஈமச்சடங்கு வீண் செலவு. பிறகு மென்சியஸ் 3A5. மோஸியின் சீடர் ஒருவர் தன் பெற்றோரை மட்டும் தடபுடலாக அடக்கம் செய்திருக்கிறார். மென்சியஸ் சொல்லும் பதில் ஒரு கதை: ஆதியில் பிணங்களைப் பள்ளத்தில் எறிந்தார்கள். ஒருநாள் ஒருவன் அந்த வழியாக வந்தபோது நரி தின்பதையும் ஈ மொய்ப்பதையும் பார்த்தான், நெற்றி வியர்த்தது. ஊர் பார்க்கிறதே என்று வந்த வியர்வை அல்ல. வீட்டுக்குப் போய்க் கூடையும் மண்வெட்டியும் எடுத்துவந்தான். பிறகு, கன்பூசியராகவே இருந்து மென்சியஸை மறுத்த சுன்ஸியின் 23ஆம் அத்தியாயம்: மனித இயல்பு கெட்டது, வளைந்த மரத்தை நிமிர்த்துவது போலத்தான் எல்லாம். எல்லோரையும் பார்த்துச் சிரிக்கத் தாவோ மரபின் ஜுவாங்ஸி இருக்கிறார், அவரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறளோடு ஒப்பிடும் ஆசை இந்தக் கட்டத்தில் பொங்கும். ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். சீனத்துக்கும் நமக்கும் இடையில் வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள்: லாவோஸியைத் தமிழுக்குத் தந்த சி. மணி, கன்பூசியஸ் ஓயாமல் மேற்கோள் காட்டும் பழைய கவித்தொகையிலிருந்து சீன மூலம் வழியாகவே பாடல்களைத் தமிழாக்கிய 'பயணி' என்ற மொழிபெயர்ப்பாளர். அவர்களைப் படித்துவிட்டு ஒப்பிடலாம்.

இன்றைய அறவியலுக்குள்

இங்கே மூன்று கட்சிகள். கன்பூசியம் அரிஸ்டாட்டிலுக்கு உறவான நற்பண்பு அறம் என்பவர்கள் (வான் நார்டன், ஐவன்ஹோ). இல்லை, 'நான்' என்று தனியாக ஒரு ஆளே இல்லை, மகன், அண்ணன், ஆசிரியர் என்ற பாத்திரங்களே அறம் என்னும் ரோஜர் ஏம்ஸும் ஹென்றி ரோஸ்மாண்டும். அக்கறையை மையமாக்கும் பெண்ணிய அறத்துக்குப் பக்கத்தில் ரென்னை வைத்த சென்யாங் லி. மூன்றாவது பேச்சு வரும்போது 17.25ஐ மறக்காதீர்கள்: பெண்களும் சிறியோரும் வைத்துப் பராமரிக்கக் கடினமானவர்கள் என்கிறது அது. வீட்டு வேலைக்காரிகளை மட்டும் சொன்னது என்று தப்பிக்கப் பார்க்கும் உரைகள் உண்டு. எனக்கு அவை ஒட்டுப்போட்ட வேலையாகவே படுகின்றன.

நடைமுறைக்கு அதிகம் உதவியது இன்னொரு விவாதம். 1973இல் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், வழியில் முனகிக் கிடந்தவருக்கு, அவசரமில்லாதவர்களில் 63 சதவீதமும் அவசரத்தில் இருந்தவர்களில் 10 சதவீதமும் உதவினார்கள். பண்பு என்று ஒன்று இல்லை, சூழ்நிலைதான் எல்லாம் என்று சிலர் முடிவுகட்டினார்கள். ஸ்லிங்கர்லாந்து 2011இல் பதில் எழுதினார்: ஆரம்பகாலக் கன்பூசியர்களுக்கு இது தெரியும், அதனால்தான் உடை, இசை, நிற்கும் இடம் என்று சூழ்நிலையையே லியால் செதுக்கினார்கள்.

அரசியலில் எச்சரிக்கை தேவை. 1980களில் சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் இந்து சமயம், இஸ்லாம், பௌத்தம், பைபிள் பாடங்களோடு கன்பூசிய அறமும் ஒரு பாடமாக இருந்தது, பிறகு கைவிடப்பட்டது. இதே கன்பூசியஸை 1974இல் பெய்ஜிங் ஊர்ஊராகத் திட்டவைத்தது. அரசு ஒன்று கன்பூசியஸைத் தூக்கும்போதும் மிதிக்கும்போதும் எந்த எண்ணுள்ள பகுதியைக் கையில் வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

நாளைக்கு

5.24ஐத் திறங்கள். எண் மாறியிருந்தால் வினிகர் என்று தேடுங்கள். வெய்ஷெங் காவோ நேர்மையானவர் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒருவர் அவரிடம் கொஞ்சம் வினிகர் கேட்டார். தன்னிடம் இல்லை என்று சொல்லாமல் அவர் பக்கத்து வீட்டில் வாங்கிக் கொடுத்தார். 'அவரையா நேர்மையானவர் என்கிறார்கள்?' என்கிறார் கன்பூசியஸ். நேர்மை என்பதற்கு இங்கே வரும் சொல்லும் ஆட்டுக் கதையில் வரும் சொல்லும் ஒன்றுதான். அப்பாவின் திருட்டை மறைத்தவனிடம் நேர்மை உண்டு, அக்கம்பக்கத்துக்கு உதவியவரிடம் இல்லை. நோட்டில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு, உரைகளைப் பார்ப்பதற்கு முன் அரைப் பக்கம் நீங்களே எழுதிப் பாருங்கள்.